ரெண்டும் ஒண்ணுதானே சார்?

இந்த இதழ்ல ஒரு சின்ன பாடம். பயப்படாதீங்க, இதுக்கு கிரெடிட்டும் கிடையாது, இன்டர்னலும் கிடையாது. ஆங்கிலத்தில் கிட்டத்தட்ட ஒரே பொருள் தருகிற பெயரடைகளை, அதாவது அட்ஜெக்டிவ்களை, எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதுதான் பாடம். பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படிச்சுட்டு இங்கே வந்திருக்கிற ஃபர்ஸ்ட் இயர் தம்பி தங்கைகளை மனசுல வெச்சுத்தான் எழுதறேன். ஆனா இங்கிலீஷ் மீடியம் ஆட்களும் பக்கத்தைத் தள்ளிட்டுப் போயிடாதீங்க. ஏன்னு இப்போ சொல்றேன்.

ரெண்டாவது வருஷம், சர்வே லேப் வைவா. நாலு நாலு பேரா உள்ளே கூப்பிட்டாங்க. எங்க நாலு பேர்ல நானும் இன்னொருத்தனும் தமிழ் மீடியம். ஒரு தோழி கான்வென்ட். நாலாவது ஆள் சி.பி.எஸ்.இ. தியோடலைட்டில் ஒரே கோணத்தை ஐந்து தடவை எடுத்திருந்தோம். ஐந்து ரீடிங்கும் அழகா ஒத்துப்போயிருந்தது. எக்ஸ்டர்னலா வந்திருந்த சார் நோட்டைப் பார்த்துட்டு, "ரீடிங் எல்லாம் நல்லா ஒத்துப்போகுதே. அப்போ இது அக்யூரேட்டா, ப்ரிசைஸா?" என்று கேட்டார்.

நான்தான் முந்திரிக்கொட்டை. "ரெண்டும் ஒண்ணுதானே சார்? துல்லியம்."

அவர் சிரிக்கலை. பக்கத்தில் கேட்டார். கான்வென்ட் தோழி நல்ல உச்சரிப்பில் ஒரு முழு வாக்கியம் பேசினாள். ஆனா சொன்னது நான் சொன்னதேதான். மத்த ரெண்டு பேரும் தலையாட்டினாங்க. சார் பொறுமையா கேட்டார்: "ட்ரைபாடை ஸ்டேஷன் புள்ளிக்கு மேலே வைக்காம ரெண்டு அங்குலம் தள்ளி வெச்சிருந்தா? அப்பவும் அஞ்சு ரீடிங்கும் இப்படித்தானேப்பா ஒத்துப்போகும்?" நாலு பேரும் தரையைப் பார்த்தோம்.

அதுவரைக்கும் என் பிரச்சினை இங்கிலீஷ்தான் என்று நினைச்சுக்கிட்டிருந்தேன். புரியாத ஒவ்வொரு சொல்லையும் அகராதியில் பார்த்து, தமிழ்ப் பொருளை மார்ஜினில் எழுதி வெச்சேன். 'அக்யூரேட்' என்றால் துல்லியமான. 'ப்ரிசைஸ்' என்றாலும் துல்லியமான. அதோட விட்டுட்டேன். அன்றைக்குத்தான் தெரிஞ்சது, சரளமா இங்கிலீஷ் பேசுறவங்களுக்கும் இந்த இடத்தில் அதே தடுமாற்றம் இருக்கு. அகராதி, ஒரு சொல்லுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் யார்னு சொல்லும். ரெண்டு வீட்டுக்கும் நடுவில் சுவர் எங்கே இருக்குன்னு பெரும்பாலும் சொல்லாது. அந்தச் சுவரை நாமதான் தேடணும்.

சுவரைத் தேடும் மூன்று கேள்விகள்

முதல்ல ஒரு டீ சாப்பிடுவோம். டீக்கடையில் "அண்ணே, ஸ்ட்ராங்கா ஒரு டீ" என்றால் ஒண்ணு. "சூடா ஒரு டீ" என்றால் வேற ஒண்ணு. யாரும் இதைக் குழப்பிக்கிறதில்லை. காரணம், ஸ்ட்ராங்கா இருந்து ஆறிப்போன டீயையும் குடிச்சிருக்கோம், கொதிக்கக் கொதிக்கத் தண்ணி மாதிரி வந்த டீயையும் குடிச்சிருக்கோம். ஒண்ணு இருந்து இன்னொண்ணு இல்லாத பொருளைப் பார்த்துட்டதால ரெண்டும் வேற வேற குணம்னு நாக்குக்குத் தெரியும்.

இதே வேலையைச் சொற்களுக்கும் செய்யணும். ரெண்டு பெயரடை குழப்பினால் இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்க:

1. முதல் குணம் இருந்து இரண்டாவது குணம் இல்லாத ஒரு பொருளைக் காட்ட முடியுமா? திருப்பிப் போட்டும் காட்ட முடியுமா?
2. ஒவ்வொன்றுக்கும் எதிர்ச்சொல் என்ன? எதிர்ச்சொல் வேற என்றால் சொல்லும் வேறதான்.
3. ஒவ்வொன்றும் எந்தப் பெயர்ச்சொல்லோடு ஜோடி சேருது?

இனி ஒவ்வொரு ஜோடியாகப் பார்ப்போம்.

1. அக்யூரேட் – ப்ரிசைஸ்

'அக்யூரேட்' என்றால் உண்மையான மதிப்புக்குப் பக்கத்தில் இருப்பது. 'ப்ரிசைஸ்' என்றால் திரும்பத் திரும்ப அளந்தாலும் அளவுகள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருப்பது. முதலாவதுக்கு ஒப்பிட உண்மை மதிப்பு வேணும். இரண்டாவதுக்கு அது தேவையில்லை, உங்க ரீடிங்குகளே போதும். தமிழில் முதலாவதைத் துல்லியம் என்றும் இரண்டாவதை நுட்பம் என்றும் பிரித்து வெச்சுக்கிட்டா குழப்பம் வராது.

இதுக்கு நம்ம ஏரியாவிலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கு. கிண்டி ஸ்டேஷனுக்கு அடுத்த ஸ்டேஷன் பரங்கிமலை. 1802 ஏப்ரல் 10ஆம் தேதி வில்லியம் லாம்டன் அங்கேதான் ஒரு நேர்கோட்டை அளக்க ஆரம்பித்தார். வடக்கு முனை பரங்கிமலை, தெற்கு முனை பெரும்பாக்கம் குன்று. நீளம் சுமார் 7.5 மைல், அதாவது 12 கிலோமீட்டர். இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரிய சர்வேயின் அடிக்கோடு அது. அந்த ஒரு கோட்டில் பிழை இருந்தால் அதன் மேல் கட்டுகிற அத்தனை முக்கோணத்திலும் பிழை ஏறும்.

அளந்த கருவி 100 அடி எஃகுச் சங்கிலி. மாதம் ஏப்ரல். சென்னை வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்லணுமா? எஃகு ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 12 பங்கு நீளும். சங்கிலி தன் குறித்த வெப்பநிலையைவிட 10 டிகிரி சூடாக இருந்தால் 12 கிலோமீட்டருக்கு எவ்வளவு பிழை வரும்? 12,000 மீட்டரை 12ஆல் பெருக்கி, 10ஆல் பெருக்கி, பத்து லட்சத்தால் வகுங்க. 1.44 மீட்டர். சங்கிலி நீண்டுவிட்டதால் கோடு அத்தனை குட்டையாகக் கணக்கில் வரும்.

இங்கேதான் பாடம். தினமும் அதே வெயிலில், அதே சங்கிலியால், அதே கவனத்தோடு பத்து தடவை அளந்தால் பத்தும் ஒத்துப்போகும். ஆனா பத்தும் ஒண்ணரை மீட்டர் தப்பாகத்தான் இருக்கும். ப்ரிசைஸ், ஆனா அக்யூரேட் இல்லை. அதனால்தான் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, மேலே கூடாரம் போட்டு நிழல் கொடுத்து, தெர்மாமீட்டர் வைத்து வெப்பத்துக்குத் திருத்தம் போட்டார்கள். கவனமா திரும்பத் திரும்ப அளப்பது ப்ரிசிஷனைக் கூட்டும். தெர்மாமீட்டர் பார்த்துத் திருத்துவது அக்யூரசியைக் கூட்டும். ரெண்டு வேலை, ரெண்டு சொல்.

நம்ம கல்லூரியே 1794இல் ஒரு சர்வே பள்ளியாகத்தான் தொடங்கியது. அந்த வழியில் வந்த நான் "ரெண்டும் ஒண்ணுதானே சார்" என்று சொன்னதை நினைத்தால் இன்னும் கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு.

இன்னொரு இடத்திலும் இந்தத் தப்பு நடக்கும். பெண்டுலம் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்குப் போட்டு, கால்குலேட்டர் காட்டிய 9.8372ஐ அப்படியே எழுதிட்டு வருவோம். தசமப் புள்ளிக்குப் பின்னால் நாலு இலக்கம் இருந்தால் பார்க்க கெத்தா இருக்கும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் சென்னையில் உண்மை மதிப்பு சுமார் 9.78தான். அதனால் வெறும் 9.8 என்று எழுதினவன் உங்களைவிட அக்யூரேட். இலக்கம் கூடுவதால் உண்மை நெருங்கி வந்துடாது.

2. ஸ்டிஃப் – ஸ்ட்ராங் – ஹார்ட் – டஃப்

தமிழில் 'கெட்டி' என்று ஒரு சொல் இருக்கு. கெட்டிக் கம்பி, கெட்டிச் சுவர், கெட்டிச் சட்னி, கெட்டிக்காரன். எல்லாத்துக்கும் அதே ஒரு சொல்தான். அதனால இந்த நாலு ஆங்கிலச் சொல்லையும் நாம் 'கெட்டி' என்றே மொழிபெயர்த்துட்டு நகர்ந்துடறோம். ஆனா மெட்டீரியல்ஸ் பாடத்தில் இந்த நாலும் நாலு வேற சோதனை, நாலு வேற எண்.

ஸ்டிஃப்: வளையவோ நீளவோ மறுப்பது. யங் குணகம் இதைச் சொல்லும். எதிர்ச்சொல் ஃப்ளெக்ஸிபிள்.
ஸ்ட்ராங்: அதிக தகைவைத் தாங்குவது. அறாமல், நிரந்தரமாக உருமாறாமல் எவ்வளவு சுமை தாங்கும் என்பது கேள்வி. எதிர்ச்சொல் வீக்.
ஹார்ட்: கீறலையும் குழி விழுவதையும் மறுப்பது. பிரினெல், ராக்வெல் சோதனைகள் இதற்குத்தான். எதிர்ச்சொல் சாஃப்ட்.
டஃப்: உடைவதற்கு முன் நிறைய ஆற்றலை உள்வாங்குவது. சம்மட்டி வந்து அடிக்கிற சார்ப்பி, ஐசாட் சோதனைகள் இதற்கு. எதிர்ச்சொல் பிரிட்டில், அதாவது பட்டென்று நொறுங்குவது.

இதை மனப்பாடம் செய்யாதீங்க. மெஸ்ஸுக்குப் போங்க.

பொரித்த அப்பளத்தை எடுங்க. வளைக்கப் பார்த்தால் வளையாது, பட்டென்று உடையும். அதோட தடிமனுக்கு ஸ்டிஃப், ஆனா வீக், பிரிட்டில். கடலை மிட்டாயை எடுங்க. பல்லால் குழி போட முடியாது, அதனால் ஹார்ட். கீழே போட்டால் துண்டு துண்டு, அதனால் பிரிட்டில். கடைசியா, ராத்திரி ஒன்பதரை மணிக்கு மிச்சமிருக்கிற ஆறிப்போன சப்பாத்தி. நகம் பதியும், அதனால் ஹார்ட் இல்லை. மடித்தால் மடங்கும், அதனால் ஸ்டிஃப் இல்லை. ஆனா இழுத்து இழுத்துப் பார்த்தாலும் கிழியாமல் நம்ம சக்தியை எல்லாம் வாங்கிக்கும் பாருங்க, அதுதான் டஃப். இனிமே சப்பாத்தியை 'ஹார்ட்' என்று கம்ப்ளைன்ட் எழுதாதீங்க, எழுத்தில் 'டஃப்' என்று போடுங்க.

சிரிப்பை விட்டுட்டு ஒரு இன்டர்வியூ கேள்விக்கு வருவோம். "ஒரு எஃகு பீம் அதிகமாகத் தொய்கிறது. இதைவிட ஸ்ட்ராங்கான எஃகைப் போட்டால் தொய்வு குறையுமா?" பலர் யோசிக்காமல் "குறையும்" என்று சொல்வாங்க. குறையாது. சாதாரண எஃகானாலும் உயர்வலிமை எஃகானாலும் யங் குணகம் சுமார் 200 கிகா பாஸ்கல்தான். வலிமை கூடும், விறைப்பு கூடாது. தொய்வைக் குறைக்க பீமின் ஆழத்தைக் கூட்டணும், இல்லை நீளத்தைக் குறைக்கணும். 'ஸ்ட்ராங்', 'ஸ்டிஃப்' ரெண்டையும் ஒண்ணாக நினைப்பவர் கம்பெனிக்காரர் பணத்தில் விலை உயர்ந்த எஃகை வாங்கிப் போட்டு, அதே தொய்வைப் பார்த்துக்கிட்டு நிற்பார்.

ஸ்ட்ராங்குக்கும் டஃபுக்கும் உள்ள இடைவெளி இதைவிட ஆபத்தானது. 1943 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் போர்ட்லேண்டில் எஸ்.எஸ். ஸ்கெனெக்டடி என்கிற புத்தம் புது டேங்கர் கப்பல், புயலோ மோதலோ எதுவுமில்லாமல், அமைதியான தண்ணீரில் கட்டி நின்ற நிலையிலேயே பெரிய சத்தத்தோடு கிட்டத்தட்ட ரெண்டாகப் பிளந்தது. வெல்டிங்கில் குறை இருந்தது. அதோடு, அந்தக் கால எஃகு குளிரில் நொறுங்கும் தன்மைக்கு மாறிவிடும் என்பதும் பிறகு தெளிவானது. விரிசல் ஒன்று தொடங்கினால் அதைத் தடுத்து நிறுத்தும் குணம் அந்த எஃகில் இல்லை. இழுவைச் சோதனையில் கிடைக்கிற வலிமை எண்ணை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

நம்ம ஊர்க் கட்டடக் கம்பியிலும் இந்த வித்தியாசம் எழுதியே இருக்கு. இந்தியத் தர நிர்ணயத்தில் எஃப்.இ. 500 என்று ஒரு கம்பி, எஃப்.இ. 500 டி என்று இன்னொரு கம்பி. ரெண்டுக்கும் குறைந்தபட்ச விளைதகைவு 500 மெகா பாஸ்கல்தான். கடைசியில் இருக்கிற 'டி', டக்டைல் என்பதைக் குறிக்கும். அறுவதற்கு முன் முதலாவது குறைந்தது 12 சதவீதம் நீளணும், இரண்டாவது 16 சதவீதம் நீளணும். நிலநடுக்கம் வரும்போது கட்டடம் பட்டென்று விழாமல் வளைந்து எச்சரிக்கை தருவது இந்த நீட்சியால்தான். ஒரு எழுத்தில் இருக்கிற பெயரடை, ஆட்கள் வெளியே ஓடுவதற்கான நேரத்தை வாங்கித் தருது.

3. எலெக்ட்ரிக் – எலெக்ட்ரிக்கல்

1930இல் நம்ம கல்லூரியில் எலெக்ட்ரிக்கல் பாடப்பிரிவு வந்தது. அடுத்த ஆண்டு, 1931இல், பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் நடுவே கிண்டி வழியாக எலெக்ட்ரிக் ட்ரெயின் ஓட ஆரம்பித்தது. கவனிச்சீங்களா? பாடம் எலெக்ட்ரிக்கல், ட்ரெயின் எலெக்ட்ரிக். யாரும் 'எலெக்ட்ரிக்கல் ட்ரெயின்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லித் தராமலே நம்ம காதுக்குத் தெரிஞ்ச விதி இது.

குறிப்பிட்ட ஒரு பொருள் மின்சாரத்தில் ஓடினாலோ, மின்சாரத்தைத் தாங்கினாலோ, தந்தாலோ அது எலெக்ட்ரிக்: ட்ரெயின், மோட்டார், ஷாக், ஃபீல்ட், குக்கர். மின்சாரத்தோடு பொதுவாகச் சம்பந்தப்பட்ட துறை, ஆள், வேலை, கோளாறு என்றால் எலெக்ட்ரிக்கல்: இன்ஜினியர், டிபார்ட்மென்ட், ஃபால்ட், சேஃப்டி, கடையில் விற்கிற கூட்ஸ். எலெக்ட்ரிக்கல் இன்ஜினியர் ஒருத்தரைத் தொட்டால் ஷாக் அடிக்காது. 'எலெக்ட்ரிக் இன்ஜினியர்' என்று ரெஸ்யூமேயில் போட்டால் கரண்டில் ஓடுகிற இன்ஜினியர் என்று ஆகிவிடும்.

சில இடத்தில் ரெண்டும் புழங்கும். 'எனர்ஜி'யோடு ரெண்டையும் பார்க்கலாம். அங்கே தடுமாற வேண்டாம். மூன்றாவது கேள்வியை நினைச்சுக்கோங்க: ஜோடிச் சொல் எது? பெயரடையைத் தனியாகப் படிக்காமல், பெயர்ச்சொல்லோடு சேர்த்து ஜோடியாகவே எழுதி வெச்சுக்கோங்க.

4. எஃபிஷியன்ட் – எஃபெக்டிவ்

ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எதை எடுத்தாலும் அப்ஸ்ட்ராக்ட்டில் இந்த ரெண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒண்ணா வரும். ஆனா ரெண்டும் கேட்கிற கேள்வி வேற. 'எஃபெக்டிவ்' கேட்பது: நினைச்ச வேலை முடிஞ்சதா? 'எஃபிஷியன்ட்' கேட்பது: அதுக்கு எவ்வளவு செலவாச்சு?

பழைய குண்டு பல்பு அறைக்கு வெளிச்சம் தந்தது. அதனால் எஃபெக்டிவ். ஆனா வாங்கின மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாக்கி வீணடித்தது. அதனால் எஃபிஷியன்ட் இல்லை. பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும், புதிய பி.எல்.டி.சி. ஃபேன் சுமார் 30 வாட்டில் அதே அளவு காற்றைத் தரும். காற்று வருவதில் ரெண்டும் எஃபெக்டிவ், பில்லில் ஒண்ணுதான் எஃபிஷியன்ட். திருப்பிப் போட்டும் பார்க்கலாம்: மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடுகிற குட்டி ஃபேன் ஒன்றைப் பெரிய ஹாலில் வைத்தால் எஃபிஷியன்ட், ஆனா யாருக்கும் வேர்வை நிக்காது.

ரிப்போர்ட்டில் 'எஃபிஷியன்ட்' என்று எழுதினால் கைட் உடனே "எத்தனை சதவீதம்?" என்று கேட்பார், அது நியாயம்தான். எஃபிஷியன்சிக்கு சூத்திரம் இருக்கு: வெளியே வந்ததை உள்ளே போனதால் வகுப்பது. எண் கையில் இல்லையென்றால் அந்தச் சொல்லை எழுதாதீங்க.

ஒரு எச்சரிக்கை. இன்ஜினியரிங்கில் 'எஃபெக்டிவ்' இன்னொரு பொருளிலும் வரும்: கணக்குக்கு எடுத்துக்கொள்ள வேண்டிய, உண்மையில் செயல்படுகிற அளவு. நம்ம வீட்டு பிளக்கில் 230 வோல்ட் என்பது எஃபெக்டிவ் மதிப்பு, உச்சம் சுமார் 325 வோல்ட். மண் இயக்கவியலில் வரும் எஃபெக்டிவ் ஸ்ட்ரெஸ்ஸும் இப்படித்தான். அங்கே 'பயனுள்ள' என்று மொழிபெயர்த்தால் பாடமே புரியாது.

5. ஃப்ளேமபிள் – இன்ஃப்ளேமபிள்

இது தலைகீழ்ப் பொறி. இதுவரை ஒண்ணு போலத் தெரிஞ்சு வேறயா இருந்த சொற்களைப் பார்த்தோம். இந்த ரெண்டும் வேற போலத் தெரிஞ்சு ஒண்ணாகவே இருப்பவை. ரெண்டுக்கும் பொருள் எளிதில் தீப்பிடிக்கும் என்பதுதான்.

'இன்விசிபிள்' என்றால் தெரியாத, 'இன்ஆக்டிவ்' என்றால் செயல்படாத. அதே மாதிரி 'இன்ஃப்ளேமபிள்' என்றால் தீப்பிடிக்காத என்று நினைக்கத் தோணும். ஆனா இங்கே இருக்கிற 'இன்' மறுப்பு இல்லை, தீ மூட்டுதல் என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. அதனால்தான் பெட்ரோல் டேங்கர் லாரியின் பின்னால் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருக்கு. இந்தக் குழப்பத்தில் உயிர் போகலாம் என்பதால் அமெரிக்காவில் 1920களிலேயே தீத்தடுப்பு அமைப்பினர் 'ஃப்ளேமபிள்' என்றே எழுதச் சொன்னார்கள். தீப்பிடிக்காத என்பதற்கு 'நான்-ஃப்ளேமபிள்'. லேபில் பாட்டில் லேபிள் எழுதும்போது நீங்களும் 'ஃப்ளேமபிள்' என்றே எழுதுங்க.

6. வேகமாகச் சில ஜோடிகள்

எகனாமிக் – எகனாமிக்கல்: முதலாவது பொருளாதாரம் சம்பந்தப்பட்டது: எகனாமிக் பாலிசி, எகனாமிக் க்ரோத். இரண்டாவது சிக்கனமானது: எகனாமிக்கல் டிசைன், எகனாமிக்கல் பைக்.

ஹிஸ்டாரிக் – ஹிஸ்டாரிக்கல்: வரலாற்றில் முக்கியமானது முதலாவது. கடந்த காலத்தைச் சேர்ந்தது இரண்டாவது. லாம்டன் அடிக்கோட்டைத் தொடங்கிய நாள் ஹிஸ்டாரிக். ஸ்டோர் ரூமில் தூசி படிந்து கிடக்கிற பழைய அட்டென்டன்ஸ் ரெஜிஸ்டர், முக்கியமில்லை என்றாலும், ஹிஸ்டாரிக்கல் ரெக்கார்ட்.

கன்டின்யுவஸ் – கன்டின்யுவல்: இடைவெளியே இல்லாமல் தொடர்வது முதலாவது. விட்டு விட்டு, ஆனா அடிக்கடி நடப்பது இரண்டாவது. கணக்கில் கன்டின்யுவஸ் ஃபங்ஷன், ஸ்ட்ரக்சரில் கன்டின்யுவஸ் பீம். ரூம்மேட்டின் அலாரம் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அடிப்பது கன்டின்யுவல்.

சென்சிபிள் – சென்சிட்டிவ்: விவேகமானது முதலாவது. சின்ன மாற்றத்துக்கும் அசைவது இரண்டாவது. கால்வனோமீட்டர் சென்சிட்டிவ். அதைக் கவனமாகக் கையாளுகிற லேப் அட்டெண்டர் அண்ணன் சென்சிபிள். தெர்மல் பாடத்தில் 'சென்சிபிள் ஹீட்' என்று வருவது மட்டும் பழைய பொருளில்: தெர்மாமீட்டரில் உணரக்கூடிய வெப்பம்.

பயிற்சி

முதல்ல நீங்களே யோசிங்க. விடை கீழே இருக்கு.

அ. ஹாஸ்டல் சுவர்க் கடிகாரம் எப்பப் பார்த்தாலும் சரியாக 7 நிமிஷம் வேகமாகவே காட்டுது. அது அக்யூரேட்டா, ப்ரிசைஸா?
ஆ. போன் மேல ஒட்டின கண்ணாடியில் சாவியால் கீறினாலும் கோடு விழலை. ஒரு தடவை கீழே விழுந்ததும் சிலந்தி வலை மாதிரி விரிசல். எந்தக் குணம் இருக்கு, எது இல்லை?
இ. தீ விபத்து ரிப்போர்ட்டில் மின்கசிவுக் கோளாறு பற்றி எழுதணும். ஃபால்ட் என்பதற்கு முன்னால் எலெக்ட்ரிக்கா, எலெக்ட்ரிக்கலா?
ஈ. கொசுவை விரட்ட ஒரு அறைக்குப் பத்து காயில் கொளுத்தினீங்க. கொசு போச்சு. இது எஃபெக்டிவா, எஃபிஷியன்ட்டா?
உ. "இந்தப் பாலத்துக்கு இதுதான் மலிவான டிசைன்" என்று சொல்ல எகனாமிக்கா, எகனாமிக்கலா?
ஊ. நாள் முழுக்க அரைமணிக்கு ஒருமுறை கரண்ட் போய்ப் போய் வருது. கன்டின்யுவஸா, கன்டின்யுவலா?

விடைகள்

அ. ப்ரிசைஸ், ஆனா அக்யூரேட் இல்லை. பிழை மாறாமல் இருப்பதால் 7 நிமிஷத்தைக் கழித்தால் சரியாகிவிடும். லாம்டன் செய்த வெப்பத் திருத்தமும் இதே மாதிரிதான்.
ஆ. ஹார்ட், ஆனா டஃப் இல்லை.
இ. எலெக்ட்ரிக்கல். ஆனா அதில் அடிக்கிற ஷாக் மட்டும் எலெக்ட்ரிக்.
ஈ. எஃபெக்டிவ். எஃபிஷியன்ட் கண்டிப்பா இல்லை.
உ. எகனாமிக்கல்.
ஊ. கன்டின்யுவல்.

நாலுக்கு மேல சரியென்றால் வைவாவில் என்னை மாதிரி தரையைப் பார்க்க வேண்டியிருக்காது.

கடைசியா தமிழ் மீடியம் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. சொல் பட்டியலை மனப்பாடம் செய்து ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்காதீங்க. ஆறிப்போன ஸ்ட்ராங் டீயையும் சூடான தண்ணி டீயையும் பிரிக்கத் தெரிஞ்ச உங்களுக்கு 'ஸ்டிஃப்', 'ஸ்ட்ராங்' ரெண்டையும் பிரிக்க முடியும். முதல்ல கருத்தைத் தமிழிலேயே யோசிங்க, மூணு கேள்வியையும் தமிழிலேயே கேளுங்க, அப்புறம் சரியான ஆங்கிலப் பெயரை ஒட்டுங்க. இங்கிலீஷ் மீடியம் நண்பர்களுக்கும் அதே வார்த்தைதான். ஒரு சொல் வாயில் சுலபமா வருது என்பதற்காக அதோட பொருள் தெரியும் என்று நம்பிடாதீங்க. அன்றைக்கு நாலு பேருமே தப்பாச் சொன்னோம்.

உங்க பாடத்தில் இப்படிக் குழப்புகிற ஜோடி எதுவும் இருந்தால் இதழ்க் குழுவில் யாரிடமாவது சொல்லுங்க. அடுத்த இதழ்ல அதையும் உட்கார்ந்து பிரிச்சுப் பார்ப்போம்.